வெற்றுக் கோப்பின் உற்பத்தியில் அபாவத்தின் பங்கு: ஒரு விசாரணை

பூஜ்ஜியம் பைட் கொண்ட ஒரு கோப்பைப் பிறப்பிப்பது குறித்து அறிஞர் உலகம் இதுகாறும் மௌனம் சாதித்து வந்துள்ளது. உள்ளே ஒன்றுமே இல்லாத பொருளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். சொந்தமாக ஒரு கோப்பு சர்வர் எழுதிப் பார்த்தவர் எவரும் அப்படி நினைக்கமாட்டார்.

கோப்பு முறைமை என்றால் கர்னலுக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்ற ஆசாரத்தைத் தளர்த்தி, 2005இல் லினக்ஸ் 2.6.14 பதிப்பு ஃபியூஸ் என்ற ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது. அதன்படி கர்னல் கேட்கும், நம் நிரல் பதில் சொல்லும். வேலை அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், நிரல் எழுதுவோர் ‘இல்லை’ என்று சொல்லக் கூசுகிறார்கள். கோப்பை உண்டாக்குவதில் பாதி வேலை, அது இல்லை என்று ஒழுங்காகச் சொல்வதே என்பது இவ்வாய்வின் துணிபு.

வெற்றுக் கோப்பை உண்டாக்கும் டச் கட்டளையை அடித்தவுடன் கர்னல் ‘உண்டாக்கு’ என்று சொல்லிவிடுவதில்லை. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஏதும் உண்டா என்று விசாரிக்கிறது. அந்தக் கேள்வி நம் கெட்ஆட்டர் என்ற செயற்கூறுக்கு வருகிறது. அங்கிருந்து மைனஸ் 2, அதாவது ‘அப்படி ஒன்று இல்லை’ என்று பதில் போனால்தான் அடுத்துக் கிரியேட் அழைக்கப்படும். தருக்க நூலான தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கிய சிவஞான முனிவர், அபாவம் எனப்படும் இன்மையின் நால்வகையுள் இதை முன்னபாவம் என்பார்: குடம் வனையப்படுமுன் குடம் இல்லாதிருக்கும் நிலை. அதற்குத் தொடக்கம் கிடையாது, முடிவு உண்டு. முடித்துவைப்பது கிரியேட்.

நடப்பதையெல்லாம் திரையில் காட்டும் மைனஸ் டி போட்டு சர்வரை ஓட்டினால் இந்த மைனஸ் 2, ‘எர்ரர்’ என்ற பட்டத்தோடு திரையில் ஓடும். அதைக் கண்டு பதறி, அந்த வரியை ஒழித்தே தீருவது என்று கிளம்புவோர் ஒரு பெரும் பள்ளியினர். எந்தப் பெயர் வந்தாலும் ‘சாதாரணக் கோப்பு, 0644’ என்று நிரப்பிப் பூஜ்ஜியம் திருப்பிவிடுவார்கள். அதன்பின் உலகில் இல்லாத கோப்பே இல்லை. வாய்க்கு வந்த பெயரை அடித்தாலும் அது இருக்கும். எல்எஸ் போட்டால் மட்டும் தெரியாது. அடைவு உண்டாக்கப் போனால் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று மறுப்பு வரும். கிரியேட்டுக்குள் ஆசையாக எழுதிவைத்த பிரிண்ட் வரியோ அச்சேறாது. இருக்கிற கோப்பை எதற்கு உண்டாக்குவது என்று கர்னல் நேரே ஓப்பனுக்குப் போய்விடுகிறதே!

கிரியேட் பூஜ்ஜியம் திருப்பிவிட்டால் போதாதா என்பார் உளர். போதாது. லிப்ஃபியூஸ் நூலகம் நம் வார்த்தையை நம்பாமல், அதே பெயரோடு கெட்ஆட்டரை மறுபடி அழைத்துப் பார்க்கும். நம் அட்டவணையில் பெயரைச் சேர்க்க மறந்திருந்தால் மீண்டும் மைனஸ் 2 போகும். ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்று டச் அழும். ஒரே கேள்விக்கு முதலில் ‘இல்லை’, அடுத்த கணம் ‘உண்டு’ என்று சொல்லத் தெரிய வேண்டும். சாட்சிக் கூண்டில் இப்படிப் பேசினால் பிறழ்சாட்சி; இங்கே அதுதான் சரியான நடத்தை.

இனி மற்ற அபாவங்கள். யூடைமென்ஸ் எழுதாமல் விட்டால், டச் கோப்பை உண்டாக்கிவிட்டு நேரத்தைப் பதிக்க முடியாமல் ‘செயற்கூறு எழுதப்படவில்லை’ என்னும் எண் 38ஐக் காட்டிப் புலம்பும். கோப்பு பிறந்துவிட்டது, ஆனால் கட்டளை தோற்றுவிட்டது. எழுதப்படாத செயற்கூறு முக்காலத்தும் இல்லாதது என்பதால் இது முழுதுமபாவத்தின் பாற்படும். வியப்பு என்னவென்றால், கிரியேட்டையே எழுதாவிட்டாலும் கர்னல் கோபிப்பதில்லை. எம்க்நாட் அழைத்து, பிறகு ஓப்பன் அழைத்துச் சமாளித்துக்கொள்ளும். திறந்திருக்கும் கோப்பை அழித்தால் வரவேண்டியது, இருந்தது அழிந்தபின் இல்லாதிருக்கும் அழிவுபாட்டபாவம். ஆனால் லிப்ஃபியூஸ் அதற்கும் மனமில்லாமல் ‘ஃபியூஸ் ஹிட்டன்’ என்று தொடங்கும் பெயரிட்டு, மூடும்வரை ஒளித்துவைக்கிறது.

குடம் ஆடையன்று, ஆடை குடமன்று என்னும் ஒன்றினொன்றபாவத்துக்கு பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதள மரபில்தான் நல்ல சான்று கிடைக்கிறது. அங்கே அடைவைச் சுட்டும் ஃபிட் என்ற எண்ணைக் கொடுத்துக் கோப்பை உண்டாக்கச் சொல்வார்கள். உண்டான மறுகணம் அதே எண் அடைவை விட்டுவிட்டுப் புதிய கோப்பைச் சுட்ட வேண்டும், அதுவும் திறந்த நிலையில். இந்தக் கூடுவிட்டுக் கூடு பாய்தலை மறந்த சர்வர், அடுத்து வரும் எழுத்தையெல்லாம் அடைவின் தலையில் கொட்டப் பார்க்கும்.

நால்வகைக்குள்ளும் அடங்காதது ஒன்று உண்டு. பதில் சொல்ல வேண்டிய சர்வரே நடுவில் செத்துப்போனால் கர்னல் எண் 107ஐ நீட்டும்: மறுமுனையோடு இணைப்பு இல்லை. எல்எஸ்கூட வேலை செய்யாது. இதை எந்த அபாவத்தில் சேர்ப்பது என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஃபியூசர்மவுண்ட் மைனஸ் யூ அடித்து மவுண்ட்டைக் கழற்ற வேண்டும்.