ஒத்துக்காரர் போட்ட கமகம்

நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவருக்கு ஒரே வேலைதான். ஒரு சுரத்தைப் பிடித்தால் மங்களம் வரை அதை விடக் கூடாது, ஆட்டவும் கூடாது. எங்கள் வீட்டு இசைத்தட்டில் மட்டும் ஒத்துக்காரரும் கமகம் போடுவார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரமும் ஒரு நாலணாவும் கொஞ்சம் மானமும் செலவாயின.

அப்பா விட்டுப்போனவை நாற்பது ரெக்கார்டும் ஒரு பிளேயரும். பிளேயர் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. போன வருடம் துணிந்து புது டர்ன்டேபிள் வாங்கினேன். முதல் போணி, அப்பா உயிரையே வைத்திருந்த நாகஸ்வர எல்.பி. முள் இறங்கியது, கீரவாணி கிளம்பியது, எனக்குக் கண் கலங்கியது. அப்போதுதான் மகள் கேட்டாள்: “அப்பா, அது ஏன் தலையாட்டுது?”

பார்த்தேன். டர்ன்டேபிள் கையின் நுனியில் முள்ளைத் தாங்கிக்கொண்டிருக்கும் கார்ட்ரிட்ஜ் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது. சபாவில் முன்வரிசை மாமா கண்ணை மூடி ரசிப்பாரே, அதே ஆட்டம். “நல்ல சங்கீதம்னா மெஷினுக்கும் தெரியும்மா” என்று சமாளித்தேன். அவள் போன பிறகு பயம் வந்தது.

முதல் சந்தேகம் திருகாணி. கார்ட்ரிட்ஜை இரண்டே இரண்டு பொடித் திருகாணிகள் பிடித்திருக்கும்; இரண்டுக்கும் நடுவே சரியாக அரை அங்குலம். அவற்றை இறுக்கப் போய், பின்னால் மாட்டியிருந்த நான்கு வண்ணக் கம்பிகளில் ஒன்றைப் பிடுங்கிவிட்டேன். ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையானது. தவில்காரர்களில் ஒருவர் பாதிக் கச்சேரியில் எழுந்து போய்விட்டார். சாமணத்தால் கம்பியைப் பிடித்து அவரைத் திரும்ப உட்காரவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆட்டம் நிற்கவில்லை.

அடுத்தது எடை. கையின் பின்பக்கம் இருக்கும் குண்டைத் திருகித் திருகி, கை மேலும் போகாமல் கீழும் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து 1.75 கிராம் ஏற்ற வேண்டும் என்றது கையேடு. மனைவிக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், கால் பவுனுக்குக் கால் கிராம் குறைவு. இதற்கென்று ஒரு குட்டித் தராசு வாங்கினேன். “இவ்வளவு நுணுக்கமா நகைக் கடையில ஒரு நாள் நின்னிருக்கீங்களா?” என்றாள். எடை சரியாக இருந்தது. ஆட்டமும் அப்படியே இருந்தது.

மூன்றாவது, ஆன்டி-ஸ்கேட்டிங். தட்டு சுழலும்போது கையை நடுமையத்தை நோக்கி இழுக்கும். அதற்கு எதிராக ஒரு சின்ன விசை கையை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், நடுவில் முள். அந்தத் திருகையும் 1.75-க்குக் கொண்டுவந்தேன். இழுபறி சமமானதே தவிர ஆட்டம் குறையவில்லை.

பிறகு தரை. பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்கி வந்து மேஜையில் வைத்தேன். குமிழி ஓரத்தில் போய் ஒண்டிக்கொண்டது. மேஜையிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து அடுத்த அறைக்கு என்று போய்ப் பார்த்ததில், எங்கள் வீடே கொல்லைப்பக்கமாகச் சாய்ந்திருப்பது தெரிந்தது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மேஜைக்கால் அடியில் அட்டை வைத்துச் சமன்செய்தேன். கார்ட்ரிட்ஜ் இப்போது மட்டமான தளத்தில் நின்று ஆடியது.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். “தலைமேல ஒரு நாலணா வைடா, ஆடாது.” நாலணாவுக்கு எங்கே போவேன்? 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அது செல்லாத காசாகிவிட்டது. பூஜை அறை உண்டியலைக் கவிழ்த்துச் சாமியிடமிருந்து ஒன்றைக் கைமாற்றாக எடுத்து வைத்தேன். கார்ட்ரிட்ஜ் ஆடியது. அதன்மேல் நாலணா ஊஞ்சலாடியது.

கடைசியில் ஒரு ரேடியோ மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தேன். மதுரையில் அந்தக் காலத்தில் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டியவர். வந்ததும் முதல் வேலையாக நாலணாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“குதிக்கிற ரெக்கார்டுக்குக் காசு வைப்போம் சார், பந்தி முடியுற வரைக்கும் பாட்டு ஓடணும்ல. அது அவசர வைத்தியம். இருக்குற எடைக்கு மேல இன்னொரு ரெண்டே முக்கால் கிராமை ஏத்தினா தட்டு என்னத்துக்கு ஆகும்?”

பிறகு கையின் அடிப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தார். கடகடப்பு இல்லை. குனிந்து தட்டின் ஓரத்தைக் கண்மட்டத்தில் பார்த்தார். “தட்டு நெளிஞ்சிருந்தா தலை மேலயும் கீழயும் ஏறி இறங்கும். இது பக்கவாட்டுல போகுது.” தினசரிக் காலண்டரிலிருந்து ஒரு துண்டு கிழித்து எச்சில் தொட்டு லேபிளின் ஓரத்தில் ஒட்டினார். தட்டைச் சுழலவிட்டார். காகிதம் வாசல் பக்கம் வரும்போதெல்லாம் கை வெளியே போனது, சுவர்ப் பக்கம் போனால் உள்ளே வந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. 33⅓ சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. சுற்றுக்கு ஓர் ஆட்டம்.

“சார், வேற ரெக்கார்டு எதுவும் போட்டுப் பாத்தீங்களா?”

மூன்று வாரம். தராசு, ரசமட்டம், உண்டியல். வேறு ரெக்கார்டு போடவில்லை.

அவரே ஒன்றை எடுத்துப் போட்டார். கார்ட்ரிட்ஜ் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாணவன் மாதிரி அசையாமல் நகர்ந்தது.

“கோளாறு மெஷின்ல இல்ல சார். ஓட்டை நடுவுல இல்ல.”

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை கோடு என்று சின்ன வயதில் விடுகதை போடுவோம். ஒன்றுதான், ஓரத்தில் தொடங்கி நடுவரை சுருண்டு சுருண்டு போகும் ஒரே கோடு. அந்தச் சுருளின் மையமும் தட்டின் துளையும் ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், கோடு முள்ளுக்கு அடியில் வெளியே போய் உள்ளே வரும். முள் என்ன செய்யும்? கோட்டோடு போகும். கை லகுவாக இருந்தால்தான் அப்படிப் போகவே முடியும். இறுகிப்போன கையாக இருந்தால் தலை ஆடாது, முள் வளையும். ஆக, நான் மூன்று வாரமாக வைத்தியம் பார்த்தது வீட்டிலேயே ஆரோக்கியமான ஆளுக்கு.

ஆட்டம் கண்ணோடு நிற்பதில்லை, காதுக்கும் வரும். மையத்திலிருந்து கோடு விலகி நிற்கும்போது முள்ளுக்கடியில் வேகம் கூடிச் சுருதி ஏறும், நெருங்கினால் இறங்கும். ஓரத்தில் ஆரம் 146 மில்லிமீட்டர், லேபிளை ஒட்டி 60. அதே பிசகு உள்ளே போகப் போக ஏறக்குறைய இரண்டரை மடங்கு பேசும்.

மெக்கானிக் இதைச் சொல்லக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர். கை ஆடியதை அவர் பார்த்தே இருக்க மாட்டார். “அசைவைக் கேட்டியா? போகப் போக எப்படிச் சூடு பிடிக்கிறார் பாரு” என்று பக்கம் முடிகிற நேரத்தில் தொடையைத் தட்டுவார். தட்டைத் திருப்பிப் போட்டால் உதட்டைப் பிதுக்குவார்: “இந்தப் பக்கம் அவ்வளவு சுகமில்ல.” திருப்பிப் போட்டுப் பார்த்தோம். கை ஆடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் அச்சு தனித்தனி. ஒன்று பிசகினால் மற்றதும் பிசக வேண்டும் என்பதில்லை. அப்பா முப்பது வருடம் ‘ஆகா’ போட்டது வித்வானுக்கு அல்ல, ஓட்டைக்கு.

1980-களில் ஜப்பானின் நாகமிச்சி நிறுவனம் இந்தப் பிசகை அளந்து, தட்டைத் தானே நகர்த்தி மையப்படுத்தும் டர்ன்டேபிளைச் செய்து விற்றது. எங்கள் மெக்கானிக் அண்ணன் பையிலிருந்து உருட்டு அரத்தை எடுத்தார். துளையை ஒரு பக்கமாகக் கொஞ்சம் ராவினார். தட்டை வைத்து, சுழலவிட்டு, கையைப் பார்த்துக்கொண்டே விளிம்பைக் கட்டைவிரலால் தட்டினார். ஐந்தாவது தட்டில் கை அடங்கியது.

கீரவாணி நேராக வந்தது. ஒத்து கம்பியாக நின்றது.

அம்மா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார். “யாருப்பா இது வாசிக்கிறது? உங்கப்பா போட்டா நல்லா அசைஞ்சு அசைஞ்சு வருமே?”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் விளிம்பில் கட்டைவிரலை வைத்து, தட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளினேன். கார்ட்ரிட்ஜ் தலையாட்டத் தொடங்கியது.

“ஆங், இவர்தான்” என்றபடி அம்மா உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.