நாலந்தா வரம்பு: மாத்தளை மாவட்டத்துக் கிளாசிக்கல் கிட்டார்த் தந்திகள் பற்றிய ஒரு முன்னோடி ஆய்வு

கிளாசிக்கல் கிட்டாருக்குத் தந்தி தெரிவதில் நம் மாவட்டத்தில் செல்வாக்குப் பெற்ற கோட்பாடு ஒன்றே: கடைக்காரர் எதை எடுத்துத் தருகிறாரோ, அதுவே தந்தி. இதனைக் ‘கடைவாதம்’ எனலாம். இதன் கொடிய கிளை இரும்புவாதம். பைலாவுக்குச் சத்தம் போதாதென்று கிளாசிக்கல் கிட்டாரில் இரும்புத் தந்தி பூட்டுவோர் இப்பிரிவினர். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 40 கிலோ. இரும்பில் மெல்லிய வகையே 70 கிலோவைத் தொடும். மேற்பலகை வயிறு வீங்கி, பிரிட்ஜ் பெயர்ந்து வரும். இரும்புவாதத்துக்கு வேறு மறுப்புரை தேவையில்லை.

ஆதியில் ஆட்டுக் குடலே தந்தி. இரண்டாம் உலகப் போரில் குடல் நூலெல்லாம் காயம் தைக்கப் போய்விட, நியூயார்க்கில் அல்பர்ட் அகஸ்டின் நைலானில் தந்தி செய்தார். கிட்டார் மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். பிறகு வந்த ‘கார்பன்’ தந்தி, தூண்டில் நூலாகப் புழங்கிய ஃபுளோரோகார்பன். ஆக, இரண்டுமே தங்கூசிக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள். கடல் தொடாத மாவட்டம் இவ்வுறவை அறியாதிருந்ததில் வியப்பில்லை.

இனி எமது கண்டுபிடிப்பு. நைலானுக்குக் குடிப்பழக்கம் உண்டு: காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சுருதி மாறும். கார்பன் ஏறக்குறைய பூரண மதுவிலக்கு. நக்கிள்ஸ் மலைச்சாரலில் நனையும் ரத்தோட்டைக்குக் கார்பன், வறண்ட தம்புள்ளைக்கு நைலான் என்பது இதனால் பெறப்படும். இரண்டுக்கும் நடுவே நாலந்தா கெடிகேயை வரம்பாகக் கொண்டோம். இந்துக் கோயிலின் அமைப்பில் பௌத்தத் தலமாக நிற்கும் அக்கட்டடம் இரு தரப்பையும் சமாளித்துப் பழகியது.

மூன்றாம் தந்தி மட்டும் வரம்பை மதிப்பதில்லை. நைலானில் அது தடித்து, மந்தமாக ஒலிக்கும். கார்பன் அடர்த்தி கூடியது. அதே இழுவைக்கு மெல்லியதாக நின்று தெளிவாகப் பேசும். எனவே தம்புள்ளையிலும் மூன்றாவதைக் கார்பனாக்கலாம். இதனால் கோட்பாடே சரிகிறது என்போர் தனியாக ஆய்வு செய்துகொள்ளட்டும்.

பேஸ் தந்திகள் மூன்றும் நைலான் இழைமேல் வெள்ளி பூசிய செப்புக் கம்பி சுற்றியவை. வியர்வை பட்டால் கறுத்து ஊமையாகும். அவற்றை மட்டும் மாற்றினால் போதும். முழுத் தொகுதியையும் விற்கப் பார்ப்பது கடைவாதம்.

கரோலுக்கு முந்திய இரவு புது நைலான் பூட்டும் வழக்கமும் இங்குண்டு. புதுத் தந்தி சில நாட்களுக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும். டிசம்பரோ வடகீழ்ப் பருவமழைக் காலம். மூன்றாவது வீட்டுக்குப் போகுமுன் பாலன் அரைச் சுருதி கீழே பிறந்துவிடுவார். பூட்டுவதானால் மாதத்தின் முதல் கிழமையிலேயே பூட்டிவிட வேண்டும்.