அந்தப் போட்டோவில் இருப்பது நான்தான்

பாரிஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அந்தப் போட்டோவில் இருப்பது நான்தான். மறுக்கவில்லை. நீல ஸ்வெட்டர், நீங்கள் கொடுத்தனுப்பிய மப்ளர், பின்னால் ஆறு, எதிரே ஒரு வெள்ளைக்காரன் ஒரு முட்டியை ஊன்றி மோதிர டப்பாவை நீட்டிக்கொண்டிருக்கிறான். இதுவரைக்கும் எல்லாம் சரி. அதைப் பார்த்துவிட்டு நம் தெரு எடுத்த முடிவுதான் சரியில்லை. இந்த நாட்டில் 2013-லிருந்து ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ளலாம், அது அவரவர் பாடு. ஆனால் அவன் கேட்கப்போவது வேறொருத்தியை. என்னை நிறுத்திவைத்து ஒத்திகை பார்த்தான், அவ்வளவுதான். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் போனில் சொன்னால் அழுகைக்கு நடுவில் பாதி காதில் விழாது.

அவன் ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். பாரிஸிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே வீடு, ஒரே பேங்க் கடன், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா' என்று கேட்பதற்கு இப்போதுதான் நல்ல இடமாகத் தேட ஆரம்பித்தான். பதறாதீர்கள் பெரியம்மா, இங்கே இது அதிசயமே இல்லை. பிறக்கிற குழந்தைகளில் பாதிக்கு மேல் தாய் தகப்பனுக்குக் கல்யாணம் ஆகாமல் பிறப்பவைதான். 1999-ல் 'பாக்ஸ்' என்று ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் வரி கட்டுவது போன்ற காரியங்களுக்குக் கிட்டத்தட்டப் புருஷன் பெண்டாட்டி மாதிரிதான். இவர்கள் அதையும் போட்டாயிற்று. பிறகு எதற்குக் கல்யாணம் என்றால், போன கோடையில் யாரோ சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்வந்த குழந்தை, "நம்ம கல்யாணம் எப்போ?" என்று கேட்டுவிட்டதாம். பதில் சொல்லத் தெரியவில்லையாம் இவனுக்கு.

என்னிடம் ஏன் வந்தான் என்கிறீர்களா? பாரிஸ்காரர்கள் பாரிஸைச் சுற்றிப் பார்க்க மாட்டார்கள். ஈஃபில் டவரில் ஏறியிருக்கிறாயா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள் என்றான். நானோ, ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு சித்தப்பாவையும் அத்தையையும் சம்பந்தியையும் அழைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி, எந்த இடத்தில் கழிப்பறை இருக்கிறது என்பது வரை தெரிந்துவைத்திருப்பவன்.

அப்போது உங்கள் நினைப்பு வந்தது. கும்பேஸ்வரர் கோயிலில் எத்தனை பெண் பார்க்கும் படலம் நடத்தியிருப்பீர்கள்! வீட்டில் வேண்டாம், கோயிலுக்கு வந்த இடத்தில் எதேச்சையாகப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்பீர்களே, அதன் சூட்சுமம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. வந்ததற்கு ஒரு சாக்கு இருக்க வேண்டும். உட்கார இடம் வேண்டும். பிடிக்கவில்லை என்றால் யார் முகமும் வாடாமல் கலைந்துபோக ஒரு வழி வேண்டும். அந்த நீளக் கடை மண்டபத்தில் குங்குமம் வாங்குகிற மாதிரி நின்று எத்தனை பிள்ளை வீட்டார் நைசாக நழுவியிருக்கிறார்கள்! இந்த மூன்று சட்டத்தையும் வைத்துத்தான் பாரிஸை அளந்தேன். காதலுக்கே தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர், மூன்றாவது சட்டத்தில் வரிசையாகத் தோற்றது.

எல்லாரும் முதலில் சொல்வது ஈஃபில் டவர். 330 மீட்டர் உயரம். அடிவாரத்தைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் கட்டிச் சோதனை போட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். பாக்கெட்டில் இருப்பதை எடுத்து வை என்றால் வைக்க வேண்டும். சாவி, போன், சில்லறை, அப்புறம் மோதிர டப்பா. அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அதிலிருந்து தப்பித்து உச்சிக்குப் போனாலும் காற்றில் பேசுவது பேசுகிறவனுக்கே கேட்காது. சரி, அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? இறங்குகிற லிஃப்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும், அவனோடு. இரண்டாம் தளத்தில் இறங்கி இன்னொரு லிஃப்டுக்கு இன்னொரு வரிசை. நடந்தே போய்விடலாம் என்றால் அங்கிருந்து 674 படி. முடியாது என்று சொன்னவளும் கேட்டுக்கொண்டவனும் அத்தனை படியையும் சேர்ந்தே இறங்க வேண்டும். இதற்குப் பயந்தே சரி என்று சொன்ன பெண்கள் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஆற்றுக்கு எதிர்க்கரையில் த்ரோக்கதேரோ என்று ஒரு மேடை. டவர் முழுசாகத் தெரியும். இருட்டிய பிறகு மணிக்கு ஒரு தரம், 5 நிமிஷம், 20,000 விளக்குகள் மினுக்கும். நானும் அவனும் ஒரு நாள் ராத்திரி போய் நின்றோம். மணி ஆனதும் மேடையில் ஆங்காங்கே பையன்கள் மளமளவென்று முட்டி போடுகிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒருவன் கோட்டுக்குள் கையை விட்டான். டப்பா உள்துணியைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது போலிருக்கிறது, கோட்டின் அடி ஓரத்தில் புடைப்பாகத் தெரிகிறது, எடுக்க வரவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தாயிற்று. என்ன கேட்கப்போகிறான் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. நடுவில் குட்டி டவர் சாவிக்கொத்து விற்கிறவர் வந்து, நிலைமையைப் பார்த்து, வியாபாரத்தை நிறுத்திவிட்டுத் தன் போன் விளக்கைப் போட்டுப் பிடித்தார். விளக்கெல்லாம் மினுக்கி முடிந்து டவர் சாதாரணமாகிவிட்டது. இவன் இன்னும் கோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் கோட்டையே கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டான். ரொம்ப நல்ல பையனாகத் தெரிந்தது.

அதற்கப்புறம் பாலங்கள். 'போன் தேஸார்' என்று ஒரு நடைபாலம். அதில் காதலர்கள் பேரெழுதிப் பூட்டைப் பூட்டி, சாவியை ஆற்றில் வீசுவது ஒரு காலத்தில் பெரிய வழக்கம். பூட்டுக்குமேல் பூட்டாகத் தொங்கி, 2014-ல் கைப்பிடியில் ஒரு பகுதி பாரம் தாங்காமல் சாய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் நகராட்சி எல்லாவற்றையும் அறுத்து எடுத்தது. 45 டன்! பிரியாத காதலை வெல்டிங் ஆளை வைத்துப் பிரித்தார்கள். ஒரு பகுதியை 2017-ல் ஏலம் விட்டு, வந்த பணத்தை அகதிகளுக்கு உதவுகிற சங்கங்களுக்குக் கொடுத்தார்கள். ஏலம் எடுத்தவர்கள் ஊரார் பேரெழுதிய துருப்பிடித்த பூட்டை வீட்டில் எங்கே வைத்திருப்பார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இப்போது அங்கே கண்ணாடித் தடுப்பு.

மோன்மார்த்ர் குன்றின் பக்கம் ஒரு பூங்காச் சுவரில் 612 நீல ஓடுகள் பதித்து, உலகத்துப் பாஷைகள் பலவற்றில் காதல் சொல்லி எழுதியிருக்கிறார்கள், 311 தரம். பார்க்க அழகுதான். முன்னால் படம் எடுக்கிற வரிசையைப் பார்த்ததும் அவனே திரும்பி நடந்துவிட்டான். பெர் லாஷேஸ் இடுகாடு எப்படி என்றான். சிரிக்காதீர்கள், மரமும் நிழலுமாக அமைதியான இடம். அபெலார், எலொயீஸ் என்று 12-ஆம் நூற்றாண்டுக் காதல் ஜோடியின் எலும்புகளை 1817-ல் கொண்டுவந்து அங்கே ஒன்றாக வைத்திருக்கிறார்கள். வாத்தியாருக்கும் மாணவிக்கும் வந்த காதல், ரகசியக் கல்யாணம். பெண்ணின் மாமன் ஆள் வைத்து மாப்பிள்ளைக்குச் செய்த காரியத்தை நான் உங்களுக்கு எழுத முடியாது. நல்ல காரியம் பேசுகிற நேரத்தில் அந்தக் கதையை யாராவது கேட்டுவைத்தால் என்ன பதில் சொல்வாய் என்று அதட்டி அந்த யோசனையை முறியடித்தேன்.

லா ஷப்பேல் பக்கம் நம் பிள்ளையார் கோயில் இருக்கிறதே, அங்கேயே கேட்கச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஆகஸ்ட் கடைசியில் தேர் வரும்போது அந்தத் தெருவைப் பார்த்தால் பாரிஸ் என்று நம்ப மாட்டீர்கள். இலங்கைத் தமிழர்கள் எடுத்து நடத்துகிற கோயில். பெரியம்மா, நான் மளிகை வாங்குவதே அங்கேதான். அங்கே என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒத்திகையை அங்கே வைத்திருந்தால் இந்தக் கடிதம் எழுதியும் நான் தப்பியிருக்க முடியாது.

அப்படியாகத்தான் 'வேர் கலான்' பூங்கா. ஆற்றின் நடுத்தீவில், மேற்கு மூக்கில், பாலத்துத் தெருவிலிருந்து படியிறங்கிப் போனால் மூன்று பக்கமும் தண்ணீர், நுனியில் ஒரு மரம். 'வேர் கலான்' என்பது நாலாம் ஹென்றி ராஜாவுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர். அவர் பெண்கள் விஷயத்தில் எப்படி என்பதைப் பெயரே சொல்லும். பெஞ்சு உண்டு. குழந்தைக்குப் படகு காட்டலாம், அதுவே சாக்கு. மாட்டேன் என்றால் படியேறிப் போய்விடலாம். மூன்று சட்டமும் பாஸ். அவனுக்கு ஒரே சந்தேகம், முட்டி போட்டால் கரைக்கல் வழுக்குமா என்று. என்னை மரத்தடியில் நிறுத்தினான். காலி டப்பாவைத் திறந்தான். முட்டி போட்டான். அந்த நேரம் பார்த்துச் சுற்றுலாப் படகு ஒன்று மூக்கைச் சுற்றித் திரும்பியது.

படகில் இருந்தவர்கள் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். "சூப்பர்பா! ஓகே சொல்லுங்க!" என்று சுத்தத் தமிழில் ஒரு குரல். நம்ம ஊர் டூர் கோஷ்டி. அப்போதே வயிற்றைக் கலக்கியது. நான் கையை ஆட்டி இல்லை இல்லை என்றேன், அதை அவர்கள் நான் பிகு பண்ணுவதாக எடுத்துக்கொண்டார்கள். இது போதாதென்று, பின்னாலேயே ஒரு ஆள் வந்து குனிந்து எதையோ எடுத்து, "இந்தத் தங்க மோதிரம் உங்களுடையதா?" என்றான். இந்த ஆற்றங்கரையின் பழைய வித்தை இது. பித்தளையைக் கீழே போட்டு, கண்டெடுத்த மாதிரி நடித்து, நீயே வைத்துக்கொள், சாப்பிடக் காசு கொடு என்பார்கள். எங்கள் டப்பா காலி என்று தெரிந்திருந்தால் விலையை ஏற்றியிருப்பான்.

அடுத்த வாரமே மழை. சென் ஆறு ஏறிவிட்டது. இங்கே வெள்ளத்தை மீட்டரில் பேசுகிறவர்கள் குறைவு. அல்மா பாலத்துத் தூணில் ஸுவாவ் என்று ஒரு சிப்பாய் சிலை. தண்ணீர் அவன் காலைத் தொட்டதா, முட்டியைத் தொட்டதா என்றுதான் பேச்சு. 1910 வெள்ளத்தில் தோள் வரைக்கும் வந்ததாம். இந்தத் தரம் கணுக்கால்தான். ஆனால் நாங்கள் பார்த்துவைத்த மரத்தடி முழுகிப்போனது. பெஞ்சின் முதுகு மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் என் வாயில் அந்த வார்த்தை வந்தது: "மெட்ரோ."

6-ஆம் நம்பர் லைன், பாசி நிலையத்தை விட்டதும் ஆற்றுக்குமேலே பாலத்தில் ஓடும். இடது பக்கம் உட்கார்ந்தால் தண்ணீரும் ஈஃபில் டவரும் அப்படியே ஜன்னலில் வந்து நிற்கும். மழை நனைக்காது, காற்று அடிக்காது, சாவிக்கொத்து வராது. டிக்கெட்டும் மலிவுதான். எங்கேயோ போகிற வழி என்பதால் சாக்குத் தேட வேண்டாம். உட்கார்ந்தேதான் போகிறோம். பிடிக்கவில்லை என்றால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் பிர் ஹக்கெய்ம் நிலையம் வரும், கதவு திறக்கும். உங்கள் சட்டத்தை விளக்கிச் சொன்னதும் அவன் தலையில் கைவைத்துக்கொண்டு, "உன் பெரியம்மா இங்கே இருந்திருந்தால் எங்களுக்கு முன்னமே முடிந்திருக்கும்" என்றான்.

போன சனிக்கிழமை போனார்கள். குழந்தையும் கூட. பாசி தாண்டியதும் இவன் எழுந்தான், மடக்கு சீட் பட்டென்று மூடிக்கொண்டது. முட்டி போட்டான். அந்த வினாடியில் பெட்டியின் கோடியிலிருந்து ஒரு ஆள் அக்கார்டியனை இழுக்க ஆரம்பித்துவிட்டார், மெட்ரோவில் வாசித்துக் காசு கேட்பவர். "அப்பா ஏன் கீழே உட்கார்ந்தார்?" என்று குழந்தை கத்துகிறது. இவன் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்தான். கதவு திறந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்! மூன்றாவது சட்டம் வேலை செய்கிறது என்று வெலவெலத்துப்போய் இவனும் குதித்திருக்கிறான். பிளாட்பாரத்தில் அவள் கேட்டாளாம், "அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை, என்ன சொன்னாய்?" மறுபடியும் சொன்னான். சரி என்றாள், ஒரே ஒரு நிபந்தனை: அழைப்பவர்கள் பட்டியலை அவன் அம்மா போடக் கூடாது.

இனிமேல் காகித வேலை. சர்ச்சில் செய்துகொள்வதானாலும் முதலில் நகராட்சியில்தான் கல்யாணம். அதற்கு முன் 10 நாள் பெயரை எழுதி வாசலில் ஒட்டுவார்கள். மேயரோ அவருடைய ஆளோ மூவர்ணப் பட்டை போட்டுக்கொண்டு சட்டப் புத்தகத்திலிருந்து படிப்பார். அந்த நேரம் கூடத்தின் கதவு திறந்தே இருக்க வேண்டும். ஆட்சேபம் இருக்கிறவன் உள்ளே வந்து சொல்லலாம் என்பதற்காக! இரண்டு பக்கமும் சேர்த்துச் சாட்சிகள் 2 பேருக்குக் குறையக் கூடாது, 4 பேரைத் தாண்டக் கூடாது. அதில் ஒருவன் நான். வேட்டியில் வரலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றான்.

ஆகையால் 8 முழம் பட்டு வேட்டி ஒன்றும் அங்கவஸ்திரமும் பார்சலில் அனுப்பவும். போன தடவை மாதிரி மாவடு பாட்டிலோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். என் ஜாதகத்தையும் அதற்குள் வைக்க வேண்டாம். இங்கே பார்சலைப் பிரித்துப் பார்க்கிறார்கள், கேட்டால் என்ன பொருள் என்று எனக்கு விளக்கத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்