நாலு முட்டை கேக்

ஊருக்கு ஒருத்தர் இருப்பார். வாசலில் ஆறேழு நாட்டுக்கோழி, அடுப்படியில் ஓர் அவன், கையில் யூடியூப் ஓடும் போன். மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டால் அங்கே ஒரு கேக்கம்மா முளைத்துவிடுவார்.

சித்தையன்கோட்டையில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் மாமி. மாமி என்றதும் சென்னைக்காரர்கள் மடிசாரைக் கற்பனை செய்ய வேண்டாம். எங்கள் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் மாமாவைக் கட்டியவர் மாமி, அவ்வளவுதான். தலையில் முக்காடு, உள்ளங்கையில் கோழிக்குச் சிந்தும் குருணை. துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய அடுப்பைக் காட்டி, "அவன் அனுப்புன அவன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது வருவதற்கு முன்பு அலுமினியச் சட்டியில் மணலைக் கொட்டி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுத்தான் கேக் சுட்டார். பிரியாணிக்குத் தம் போட்டுப் பழகிய கைக்கு மேல்சூடும் கீழ்சூடும் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை முட்டையில்தான் இருந்தது.

"மூணு முட்டைங்கிறா போன்ல. யாரு போட்ட மூணு?"

நியாயமான கேள்வி. மாமிக்கு முட்டை என்று பொதுவாக ஒன்று கிடையாது. புள்ளி போட்டது, கருப்பி போட்டது, கொண்டைச்சி போட்டது என்றுதான் உண்டு. கேக் குறிப்புகளில் பாதி அமெரிக்காவில் பிறந்தவை. அங்கே ‘பெரிய முட்டை’ என்றால் ஒரு டஜன் சுமார் 680 கிராமுக்குக் குறையக்கூடாது, அதாவது ஒன்று 57 கிராம். நம்மூர் அக்மார்க் கணக்கில் 53 முதல் 59 கிராம் வரை பெரியது, 45 முதல் 52 நடுத்தரம், 38 முதல் 44 சிறியது. கொண்டைச்சி இடுவது 34. அக்மார்க்கின் கடைசிப் படியில்கூட அவளுக்கு இடமில்லை. அவளிடம் இதைச் சொன்னவர் யாரும் இல்லாததால், முட்டையிட்டதும் தெருவையே கூட்டுகிற மாதிரி கொக்கரிப்பாள். பெருவிடை ரத்தம் கலந்த கருப்பியோ 52க்கு இட்டுவிட்டுச் சத்தமில்லாமல் வயலுக்குப் போய்விடுவாள்.

முதல் கேக்கில் கொண்டைச்சியின் மூன்று முட்டை விழுந்தது. வெந்து வந்ததைக் கத்தியால் தொட்டதும் பொலபொலவென்று புட்டாக உதிர்ந்தது. அடுத்த முறை, "சின்ன முட்டைதானே" என்று ஐந்தாக உடைத்தார். அதில் மூன்று கருப்பியுடையவை. வந்தது ரப்பர் மாதிரி ஒன்று, ஆம்லெட் வாசத்தோடு. மாமா ஒரு துண்டைத் தின்று பார்த்துவிட்டு, தொட்டுக்கொள்ளப் பச்சைமிளகாய் கேட்டார்.

அன்றைக்கே பரணிலிருந்து பழைய தராசு இறங்கியது. மாமாவின் அத்தா மளிகைக் கடை வைத்திருந்த காலத்துத் தட்டுத் தராசு. எடைக்கற்கள் எப்போதோ தொலைந்துபோயின. அதனால் என்ன? ஒரு தட்டில் நாலு முட்டையை வைத்தார். மறு தட்டில் முள் நேராக நிற்கும்வரை மைதா. அதை எடுத்துவிட்டு அதே அளவுக்குச் சர்க்கரை. அப்புறம் வெண்ணெய். கிராம் இல்லை, கப் இல்லை. முட்டைதான் எடைக்கல். கருப்பி இட்டால் பெரிய கேக், கொண்டைச்சி இட்டால் சின்ன கேக். பக்குவம் மட்டும் மாறாது.

படித்தவன் என்ற திமிரில் நான் போய், "மாமி, இங்கிலீஷ்காரன் பவுண்டு கேக்னு இதைத்தான் செஞ்சான். பிரெஞ்சுக்காரன் ‘நாலு கால்’னே பேர் வச்சிருக்கான். நாலு சாமானும் கால் பங்கு, கால் பங்கு" என்றேன்.

"அவுக வீட்டுக் கோழியும் சொன்னபடி இடாது போல" என்றார் மாமி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விடவில்லை நான். "ஓட்டையும் சேர்த்துல்ல நிறுக்கிறீங்க? முட்டையில பத்துல ஒரு பங்கு ஓடுதான்."

"எல்லா கேக்குலயும் அதே தப்பு இருந்தா அதுக்குப் பேரு தப்பு இல்லப்பா, கைப்பக்குவம்."

மாமி சாதியாரை வேறு சில அடையாளங்களாலும் கண்டுகொள்ளலாம். ஓட்டின்மேல் பென்சிலால் தேதி எழுதுவார்கள். கடையில் ‘நாட்டு முட்டை’ என்று விற்றால் ஈரத் துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, தேயிலைச் சாயம் இறங்குகிறதா என்று கடைக்காரர் முகத்துக்கு நேராகவே பார்ப்பார்கள். மாவுச்சட்டியில் நேராக முட்டையை உடைக்கவே மாட்டார்கள். ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துத்தான் ஊற்றுவார்கள். வைக்கோல் போருக்குள் புள்ளி ஒளித்து வைத்த முட்டை எத்தனை நாளையது என்று புள்ளிக்குத்தான் தெரியும். ஒரு கூமுட்டை போதும், முக்கால் கிலோ மாவு குப்பைக்கு. செம்பட்டியிலிருந்து ஆர்டர் கொடுத்த ஒருத்தர், கேக்கின் மஞ்சளைப் பார்த்து, "கலர் பவுடர் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். பச்சைப் புல்லும் கீரையும் கொத்தித் தின்கிற கோழிக்குக் கரு அப்படித்தான் இருக்கும். அந்த வீட்டுக்கு அதற்குப்பின் கேக் போனதில்லை.

வியாபாரத்தில்தான் வில்லங்கம். கேக்கை உலகம் கிலோவில் விற்கிறது. மாமி முட்டைக் கணக்கில் விற்கிறார். என் மகள் பிறந்தநாளுக்கு அரைக்கிலோ கேட்டேன். "அரைக்கிலோவா? கோழி என்ன சொல்லுதுன்னு பாக்கலாம். நாலு முட்டை கேக்னு எழுதிக்கிறேன்" என்றார். வந்தது பெரிய தட்டு நிறைய. மறு வருஷமும் அதே நாலு முட்டை, அதே விலை. வந்ததோ உள்ளங்கை அகலம்.

"என்ன மாமி, போன வருஷம் பெருசா இருந்துச்சே?"

"போன வருஷம் கருப்பி இட்டாப்பா. இது கொண்டைச்சி."

"அப்ப விலையைக் குறைக்கலாம்ல?"

"ஏன், கொண்டைச்சி குறைச்சலாவா முக்குனா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அருகிலிருந்த மாமாவிடமும் இல்லை. அவர் தராசைத் துடைத்துப் பரணில் வைக்கப் போய்விட்டார்.

ஆர்டர் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: கருப்பி போன வாரம் அடைக்கு உட்கார்ந்துவிட்டாள். பொரிக்க 21 நாள். பிறகு குஞ்சுகளை மேய்த்து ஆளாக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை பெரிய கேக் கிடையாது.