15-க்கும் 50-க்கும் நடுவில் ஒரு ஃபியட்

தில்லி மெட்ரோவின் இளஞ்சிவப்புத் தடத்தில் மோதி பாக் நிலையத்துக்கு சர் எம். விஸ்வேஸ்வரய்யாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டியவர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். 1930-களில், இந்தியாவிலேயே கார் செய்ய வேண்டும் என்று திட்டம் தீட்டி, அதற்காக வெளிநாட்டுத் தொழிற்சாலைகளை நேரில் பார்த்துவந்தவரும் அவர்தான். பிரிட்டிஷ் இந்திய அரசு ஆதரவு தரவில்லை. அந்த முயற்சியில் அவரோடு நின்ற வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸைத் தொடங்கினார். பிரீமியர் பத்மினி அந்தத் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. ஃபியட் உரிமத்தில் செய்த வண்டி என்பதால், பெயர் பத்மினி ஆனாலும் எங்கள் வாயில் அது கடைசிவரை ஃபியட்தான்.

மோதி பாக் நிலையத்தை 2018 ஆகஸ்ட் 6 அன்று திறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று, 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் தில்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் விதித்திருந்த தடையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்த இரண்டு தேதிகளும் என் மனதில் சேர்ந்தே இருக்கின்றன. நான் கார் ஓட்டப் பழகியது அந்த நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், 1982-ல் வெளிவந்த ஒரு பத்மினியில்.

அப்போது மோதி பாக் முழுக்க மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. நடுவில் புல்வெளி, சுற்றிலும் வீடுகள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி பக்கத்திலேயே இருந்ததால் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வீட்டுக்கு வீடு சைக்கிளும் ஸ்கூட்டரும் உண்டு. கார் உள்ள வீடு அபூர்வம். புதுக் காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். அப்பா அலுவலகத்தில் கார் அட்வான்ஸ் வாங்கி, மாற்றலாகிப் போன சக ஊழியரிடமிருந்து அந்த வண்டியை வாங்கினார். முதல் வேலையாக ஆர்.கே. புரம் மலை மந்திருக்கு ஓட்டிப்போய், பானட்டில் விபூதியும் குங்குமமும் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

1986-ல் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஞாயிறு விடிகாலையில் சாந்தி பாத் காலியாகக் கிடக்கும். தூதரகங்களின் முன்னால் அகலமான சாலை, இரண்டு பக்கமும் புல். "முதல்ல வண்டியைக் கேளும்மா. ஓட்டறது அப்புறம்" என்பார். முன் இருக்கை ஒரே பெஞ்சு. கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே, இடக்கை எட்டும் இடத்தில். முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. வண்டி முழுக்க நின்ற பிறகு போட்டால் சத்தமில்லாமல் விழும். உருளும்போது போட்டால் கியர்பாக்ஸ் கறகறவென்று கத்தும். உருளும் வண்டியில் போட்டே ஆக வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடியும் மிதிக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துக் கற்க முடியாது. எஞ்சினின் குரல் ஏறுவதும் இறங்குவதும் காதில் விழ வேண்டும். அந்தக் கணத்தில் கை தானாகவே கம்பியைத் தள்ளும். அது கைகூடிய காலையில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் நானக்புராவில் நிறுத்தி ஜிலேபி வாங்கித் தந்தார்.

ஓட்டுவதைவிட எனக்குப் பிடித்தது வண்டியைப் பார்த்துக்கொள்வது. நானக்புராவில் எங்களுக்கு ஒரு சர்தார்ஜி மெக்கானிக் இருந்தார். பெண்பிள்ளை பானட்டுக்குள் தலையை நீட்டுகிறாளே என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. "ஆவோ பேட்டா" என்று கூப்பிட்டு ஸ்பானரைக் கையில் கொடுப்பார். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் வைப்பதை அவரிடம்தான் கற்றேன். மூடியின் இரண்டு கிளிப்பை நீக்கி, ரோட்டரை உருவி எடுத்தால் உள்ளே சின்னதாக இரண்டு உலோக முனைகள். இரண்டும் பிரியும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிளக்கில் பொறி விழும். முனை கருகிக் குழி விழுந்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். பிறகு வண்டியை டாப் கியரில் போட்டு, ஒருவர் பின்னாலிருந்து அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டும். நடுத்தண்டின் மேடு ஏறி, முனைகள் முழுக்கத் திறந்து நிற்கும் இடத்தில் "பஸ்!" (போதும்!) என்று கத்துவோம். அங்கே ஃபீலர் கேஜின் தகட்டைச் செருகிப் பார்ப்பது. இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். தகடு இழுபடும்போது விரலில் ஒரு மெல்லிய பிடிப்பு தெரிய வேண்டும். தொளதொளவென்று வந்தாலும் தவறு, சிக்கினாலும் தவறு. ஸ்குருவை இறுக்கும்போது இடைவெளி மாறிவிடும் என்பதால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஓர் எஞ்சின் ஏன் ஓடுகிறது என்பது எனக்குப் புரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, அந்த மெல்லிய பிடிப்பில்தான்.

தில்லியின் பருவம் ஒவ்வொன்றும் வண்டியிடம் வேறு வேலை கேட்கும். ஜனவரி மூடுபனியில் சோக்கை முழுக்க இழுத்து ஸ்டார்ட் செய்து, சூடேற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். மறந்தால் பிளக் கரியேறிவிடும். ஜூன் மாதத்தில் நேர்மாறு. ரிங் ரோட்டு சிக்னலில் நின்றால் எஞ்சினை ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் கொதித்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, வண்டி அடங்கிவிடும். இதற்காகவே டிக்கியில் தண்ணீர்ப் பாட்டிலும் பழைய பனியனும் இருக்கும். நனைத்துப் பம்பின் மேல் சுற்றி, கொஞ்ச நேரம் நிழலில் நின்றால் சமாதானமாகிக் கிளம்பும். உதிரி பாகத்துக்கு கஷ்மீரி கேட். இந்தியச் சாலைகளில் ஓடிய எந்த வண்டிக்கும் அங்கே ஒரு கடை உண்டு.

இதற்குள் மாருதி வந்துவிட்டது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியைத் தில்லிக்காரரான ஹர்பால் சிங்கின் கையில் கொடுத்தார். சில ஆண்டுகளில் எங்கள் குடியிருப்பிலும் ஒவ்வொன்றாக மாருதிகள் வந்து நின்றன. காலையில் சாவியைத் திருகினால் கிளம்பும் வண்டி! அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான பெண்கள் துணைக்கு ஆள் தேடாமல் தனியாக ஓட்டிச் செல்ல அந்த வண்டிதான் வழி செய்தது.

இன்று பழைய மோதி பாக்கின் ஒரு பகுதியில் நியூ மோதி பாக் எழும்பியிருக்கிறது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கும் தடத்தில் ஓட்டுநர் தேர்வு நடக்கிறது. அது நல்ல மாற்றம், பரிந்துரைக்கு அங்கே இடமில்லை. பெட்ரோலும் மாறிவிட்டது. 1998 செப்டம்பரில் தில்லி பங்க்குகளிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் போனது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். பத்மினி வைத்திருப்பவர்கள் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது. அதிக நாள் நிறுத்திவைப்பதானால் டேங்க்கில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

தில்லியின் காற்றைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நவம்பரில் இங்கே மூச்சு விடுகிறவள் நான். 1995-ல் தில்லியின் புதுக் கார்களுக்கு வந்த கேட்டலிடிக் கன்வர்ட்டர் எங்கள் பத்மினியில் கிடையாது. கார்புரேட்டர் வண்டியின் புகை இன்றைய வண்டியின் புகையைவிட மோசம்தான். அதைத் தினமும் அலுவலகத்துக்கு ஓட்ட அனுமதி கேட்டால் நானே எதிர்ப்பேன்.

நான் கேட்பது வேறு. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று விதி வகுத்தது. 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருந்தால் தனிப் பதிவெண் வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் சாலையில் இறக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்குக் கூடாது. தேவையான, நியாயமான விதி. ஆனால் தில்லியில் 15 வயதில் சாலையை விட்டு இறங்கும் கார் 50 வயதை எட்டுவது எப்படி? எங்கள் வண்டிக்கு 15 ஆனது 1997-ல். 50 ஆகப்போவது 2032-ல். நடுவில் 35 ஆண்டு. ஓடாத வண்டியில் பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கும், ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும், கார்புரேட்டரில் பிசின் கட்டும். வைத்திருப்பவர்கள் மனம் நொந்து மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கே கொடுத்துவிடுகிறார்கள். 2025 ஜூலை 1 முதல் தில்லியில் இப்படி வயது கடந்த வண்டிகளுக்குப் பெட்ரோலே போடக் கூடாது என்று உத்தரவு வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் 30-ஓடு விடைபெற்றன.

மோதி பாக்குக்கு அருகிலேயே, சாணக்யபுரியில், தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயிலின் நீராவி எஞ்சினை அவ்வப்போது நெருப்பு மூட்டி ஓட்டிக் காட்டுகிறார்கள். நூறு ஆண்டு கடந்த எஞ்சின். எந்திரம் ஓடினால்தான் உயிரோடிருக்கும் என்பது அரசுக்கும் தெரியும்.

ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த, மூல நிலையில் பேணப்பட்ட காருக்கு முடிவில் எச் எழுத்துள்ள தனி எண் பலகை தருகிறார்கள். புகைக் கட்டுப்பாடு உள்ள நகர மண்டலங்களிலும் அது நுழையலாம். உலகப் பழைய வண்டிச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவாவும் 30 ஆண்டைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 முதல் பழைய கார் பேரணி நடத்திவரும் ஊர் தில்லி. இங்கே அந்த எல்லை 50 ஆக இருக்க வேண்டிய தேவை என்ன?

எங்கள் ஃபியட்டைத் தடையில்லாச் சான்று வாங்கி லாரியில் ஏற்றிக் கோயமுத்தூருக்கு, தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். தமிழ்நாட்டில் தகுதிச் சோதனை செய்து, பசுமை வரி கட்டி, பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். தம்பி மகள் இப்போது அதில் பழகுகிறாள். "அத்தை, இந்தச் சத்தம் புதுசா இருக்கே?" என்று போனை பானட்டுக்குள் நீட்டிக் கேட்கிறாள். டாப்பெட் என்று சொன்னேன். திறந்து பார்த்தார்கள், டாப்பெட்தான்.

வீட்டில் ஒரு பழைய ஃபியட்டோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்.சி. புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள், குழாய், வாஷர் தவிர மூல பாகங்களை மாற்றிவிடாதீர்கள், ஓட்ட முடியாவிட்டாலும் வாரம் ஒருமுறை எஞ்சினை இயக்குங்கள். அந்த 50-ஐ 30 ஆக்கும்படியும், மாதத்தில் குறிப்பிட்ட சில நாள், புகைச் சோதனையோடு, ஓட்ட அனுமதி கேட்டும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு எழுதுங்கள். நான் எழுதிவிட்டேன். நீங்களும் எழுதுங்கள்.