ஃபைல் சித்தப்பா

குழந்தை பிறந்த வீட்டில் மூக்கு அப்பாவுடையது, நெற்றி பாட்டியுடையது என்று எல்லோரும் பாகப்பிரிவினை செய்துகொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் தொட்டில் பக்கமே போகாமல், அப்பனைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், "பதிவு பண்ணியாச்சா?" என்பார்.

"ஆஸ்பத்திரியிலேயே அனுப்பிடுவாங்க சித்தப்பா."

"அனுப்புவான். உன் இனிஷியலை முன்னாடி போட்டானா, பின்னாடி போட்டானான்னு பாத்தியா?"

பார்த்திருக்க மாட்டான். உடனே பாடம் ஆரம்பமாகும். 21 நாளைக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது, ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேண்டும், பேர் சேர்க்காமல் 15 வயது வரை இழுத்தடித்தால் அப்புறம் பெரும்பாடு. 1969ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை அவர் ஒப்பிக்கிற வேகத்தில் தொட்டிலில் இருப்பது வீறிட்டு அழும். சித்தப்பா கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் பிறக்கும்.

எனக்குச் சித்தப்பா. உங்களுக்கு மாமாவாகவோ, பெரியப்பாவாகவோ, எதிர்வீட்டு ரிட்டயர்ட் பி.டபிள்யூ.டி.காரராகவோ இருப்பார். அடையாளம் சுலபம். சட்டைப் பையில் இரண்டு பேனா. பர்ஸில் பணத்தைவிடப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ அதிகம். எங்கே புறப்பட்டாலும் கக்கத்தில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் பசை, ஸ்டேப்ளர், பச்சை டேக், ஒரு ஸ்டாம்ப் பேடு. இவர் பி.ஏ. படித்தவராயிற்றே, ஸ்டாம்ப் பேடு எதற்கு என்று கேட்டால், "கைநாட்டு வைக்கிறவங்க யாராவது திடீர்னு வந்துட்டா?" என்பார். வருகிறார்கள் என்பதுதான் விசேஷம்.

வீட்டில் ஒரு வி.ஐ.பி. சூட்கேஸ். கல்யாணத்தில் சித்திக்குச் சீராக வந்தது, பட்டுப்புடவை வைப்பதற்காக. ஒரு புடவைகூட அதற்குள் போனதில்லை. திறந்தால் நாப்தலின் நெடி. அடியில் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் துணியில் சுற்றிய தாத்தா காலத்து மூலப்பத்திரம். பழுப்பேறின முத்திரைத்தாள், மடிப்பில் மடிப்பில் ஒடிந்து, பின்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டி உயிர் பிழைத்திருக்கிறது. நிதி நிக்ஷேபம் ஜலம் தரு பாஷாணம் என்று அதில் வரும் வரியைச் சித்தப்பா குளித்துவிட்டு வந்து ஸ்லோகம் மாதிரி சொல்வார். சகல உரிமைகளோடும் கொள்ளுத்தாத்தா வாங்கிய அந்தச் சொத்து இப்போது பங்கு பிரிந்து பிரிந்து இரண்டரை சென்டில் வந்து நிற்கிறது. நிதியும் இல்லை, நிக்ஷேபமும் இல்லை. தரு என்று ஒரு முருங்கை உண்டு. அதுவும் பக்கத்து மனையில் காய்க்கிறது.

இந்த இரண்டரை சென்டுக்கு அவரிடம் இருக்கும் காகிதத்தை விரித்தால் இரண்டரை சென்டும் மூடிவிடும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு நகல், புலப்படம், வருஷவாரியாக வில்லங்கம், வீட்டு வரி ரசீது. எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ். ஒரிஜினலைக் கண்ணால் பார்த்தவர்கள் குடும்பத்தில் குறைவு. கையால் தொட்டவர் ஒரே ஒருவர், சித்தியின் தம்பி. பாசத்தில், பத்திரம் கிழியாமல் இருக்கட்டுமே என்று, செட்டில்மென்ட் பத்திரம் ஒன்றை எடுத்துப்போய் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்து நீட்டினார். சித்தப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பத்திரத்தில் இனி ஒரு குறிப்பு எழுத முடியாது, ஒரு சீல் குத்த முடியாது, எந்த பேங்க்காரனும் தொட்டுப் பார்த்து நம்ப மாட்டான். "என் பத்திரத்தைப் பாடம் பண்ணிட்டான்" என்று மட்டும் சொன்னார். மச்சினனோடு அன்றைக்கு நின்ற பேச்சு, மச்சினன் மகள் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பேர் ஆதாரில் இருப்பதுபோல் அச்சாகவில்லை என்று போன் செய்த அன்றுதான் மறுபடி தொடங்கியது. கல்யாணத்தைப் பதிய அந்தப் பத்திரிகையும் ஒரு ஆதாரம் என்பதால், அழைப்பிதழ்களை அவர் சாப்பாட்டு நேரத்துக்காகப் படிப்பதில்லை.

அந்தக் காகிதங்களில் அலைந்து வாங்கினது பாதி, பொழுதுபோக்காக வாங்கினது பாதி. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தில் சித்தப்பாவுக்கு மிகவும் பிடித்தது 57ஆம் பிரிவு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறுகிற ஒன்றாம் புத்தகத்தை, கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறது அது. மற்றவர்கள் இதைச் சட்டம் என்று படித்துவிட்டுப் போவார்கள். சித்தப்பா அழைப்பு என்று எடுத்துக்கொண்டார். பதிவுத்துறை வில்லங்கத்தை இணையத்தில் போட்ட பிறகு காசும் மிச்சம். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் சித்தி சீரியல் பார்ப்பார், சித்தப்பா தெருவின் சர்வே எண்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். எம்.ஓ.டி. என்கிற அடமானத்தில் யார் வீடு எந்த பேங்க்கில் இருக்கிறது, கடனை அடைத்தும் ரசீது ஆவணம் போடாமல் எவன் திரிகிறான், அண்ணன் தம்பிக்குள் எப்போது விடுதலைப் பத்திரம் ஆயிற்று, எல்லாம் தெரியும். மாடி எடுத்துக் கிரகப்பிரவேசம் செய்தவர் பெருமையாக வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, "நல்லாருக்கு. ரெண்டாவது எம்.ஓ.டி. போன மாசம் போட்டீங்களோ?" என்று மெல்லக் கேட்டு, பாயசத்தை வாங்கிக்கொள்வார்.

அவருக்குச் சாத்தின கதவு ஒன்று உண்டு, மூன்றாம் புத்தகம். அதில் உயில்கள். எழுதினவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர்களுக்கு நகல் கிடையாது, அதற்குப் பிறகு யார் மனுப் போட்டாலும் உண்டு. மூன்றாவது வீட்டுத் தாத்தா உயில் எழுதிப் பதிந்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரியும், அதில் என்ன என்பது யாருக்கும் தெரியாது. காலையில் அவர் விறுவிறுவென்று வாக்கிங் போவதைத் திண்ணையிலிருந்து பார்த்து, "மனுஷர் நல்லா ஆரோக்கியமாத்தான் இருக்கார்" என்று சித்தப்பா பெருமூச்சு விடுவார்.

பதிவுத்துறையும் வருவாய்த்துறையும் ஒரே நிலத்தைப் பற்றி ஒரே மாதிரி பேசிக் கேட்டவர்கள் அபூர்வம். பத்திரம் சென்டில் சொல்லும், பட்டா ஹெக்டேர், ஏர்ஸில் சொல்லும், புரோக்கர் கிரவுண்டில் சொல்வார், எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாட்டிகள் இன்றைக்கும் மா, குழிதான். நாலையும் மனசுக்குள்ளேயே மாற்றி, "முக்கால் சென்ட் இடிக்குதே" என்று நிலத்தைப் பார்க்காமலே சொல்வது சித்தப்பாவின் வித்தை. இடித்தால், பழி எப்போதும் யூ.டி.ஆர். மேல். 1979இல் தொடங்கிய அந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பேர் மாறிப்போனவர்கள், பரப்பு குறைந்துபோனவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் மனு எழுதினவர் இவர்தான்.

அந்த மனுக்களோடு அவர் கொண்டாடும் திருவிழா ஒன்று உண்டு: ஜமாபந்தி. கத்திரி வெயிலிலோ அது முடிந்தோ, தாலுகா ஆபீசில் ஷாமியானா போட்டு, கிராமம் கிராமமாகக் கணக்குகளைத் தணிக்கை செய்து மனு வாங்கும் நாட்கள். சித்தப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விடுவார். சொந்த மனு இருக்கிறதோ இல்லையோ, வரிசையில் நிற்கிறவர்களின் மனுவை வாங்கி, "பொருள்னு ஒரு வரி போடலியே", "தேதி எங்கேம்மா?" என்று திருத்திக் கொடுப்பார். பசலி ஆண்டின் கடைசிக் கணக்கு அது. ஜூலை ஒன்றாம் தேதி புதுப் பசலி பிறக்கும், அன்றைக்குத்தான் அவருக்கு வருஷப் பிறப்பு. மகள் கல்யாணம் எந்த வருஷம் என்று சம்பந்தி கேட்டபோது, வாய் தவறாமல் "பசலி 1419" என்றவர்.

வியாபாரமும் தப்பாது. தங்கை மகன் ஒரு சிநேகிதனோடு சேர்ந்து தோசைமாவுக் கடை போட்டான். கிரைண்டர் வந்து இறங்கிய அன்றே சித்தப்பாவும் வந்து இறங்கினார்.

"பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதி மாவட்டப் பதிவாளர்கிட்ட ஃபர்மைப் பதிவு பண்ணு. பண்ணலேன்னா உன் ஃபர்ம் யார் மேலயும் கேஸ் போட முடியாது. 1932ஆம் வருஷத்துச் சட்டம், செக்‌ஷன் 69."

"மாவு விக்கறதுக்கு யார் மேல மாமா கேஸு?"

"இன்னிக்கு மாவு. நாளைக்கு?"

நாளைக்கு என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பதிந்தார்கள். போன இடத்தில், கூட்டு நிறுவனங்களின் பதிவேட்டையும் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம் என்று தெரிந்ததும் சித்தப்பாவுக்கு இன்னொரு ஒன்றாம் புத்தகம் கிடைத்துவிட்டது. கடைத்தெருவில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பாத்திரக் கடையில் கல்லாவில் இருந்த மகனிடம் போய், "உங்கப்பா இன்னும் பார்ட்னராவே இருக்காரே" என்றார். மகன் திரும்பி, சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தான்.

"அங்க இல்ல தம்பி. ரிஜிஸ்டர்ல."

இவரைக் கேலி செய்வது எளிது, நானும் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு முகூர்த்த நாளில் சார்பதிவகத்தில் இவரோடு உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த மாதிரி நாட்களில் 100 டோக்கன் கொடுக்கிற இடத்தில் 150 கொடுப்பார்கள். ராகு காலம் முடிகிற நிமிஷத்துக்காகக் கதவருகே ஒரு கூட்டம், போட்டோ எடுக்கத் தலையை நிமிர்த்தச் சொல்லும் குரல், பிரிண்டர் சத்தம். ஒரு கிழவி மகனுக்கு எழுதிவைக்க வந்திருந்தாள். ரேகைக் கருவியில் விரலை வைக்கிறாள், வைக்கிறாள், ஏற மாட்டேன் என்கிறது. ஐம்பது வருஷம் நாற்று பிடுங்கின கட்டைவிரலில் ரேகை எங்கே இருக்கும்? மகன் "அழுத்து, அழுத்து" என்று அதட்டுகிறான். சித்தப்பா எழுந்து போய், தன் துண்டின் நுனியால் அந்த விரலைத் துடைத்து, பையிலிருந்து ஒரு துளி எண்ணெய் தொட்டு மறுபடி ஒற்றி எடுத்து, "அழுத்தாத ஆத்தா. சும்மா வை. பூ மேல வைக்கிற மாதிரி" என்றார். ஏறிவிட்டது. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து என்னிடம் சொன்னது: "அந்தப் பையன் நான்கெல்லையில வடக்கையும் தெற்கையும் மாத்திப் போட்டிருக்கான். நாளைக்குத் திருத்தல் பத்திரத்துக்கு வருவான் பாரு."

ஊரார் பேரையெல்லாம் திருத்துகிறவருக்குத் தன் பேர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. பள்ளிக்கூட டி.சி.யில் ஆங்கிலத்தில் நடுவே ஓர் எச் இருக்கிறது, பென்ஷன் புத்தகத்தில் இல்லை, ஆதாரில் இனிஷியல் வாலில் தொங்குகிறது, பான் கார்டில் அப்பா பேர் முழுசாக முன்னே வந்து நிற்கிறது. நான்கு பேரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் எழுதினார். டைப் அடித்தவர் ஐந்தாவதாக ஒரு ஸ்பெல்லிங் போட்டுக் கொடுத்தார்.

போன தை மாசத்தில் சூட்கேஸை ஒழுங்குபடுத்தும்போது திடுக்கிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாருக்கும் எல்லாமும் பதிந்தவர் தன் கல்யாணத்தைப் பதியவில்லை. 2009ஆம் வருஷத்துத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் வருவதற்கு முந்தின கல்யாணம், கட்டாயம் இல்லை. இருந்தாலும் இந்து திருமணச் சட்டத்தின் கீழே பதிய வழி இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அகப்படவில்லை. அது முப்பது வருஷமாக அரிசி டின்னுக்கு அடியில் இருந்ததைச் சித்திதான் எடுத்துக் கொடுத்தார், மஞ்சள் கறையோடு. வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகளாக நாங்கள், போட்டோ எல்லாம் தயார். மனுவைப் பிழையில்லாமல் நிரப்பி, தன் கையெழுத்தைப் போட்டு, பேனாவைத் திறந்தபடியே சித்தியிடம் நீட்டினார்.

சித்தி மனுவை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். கூடத்து மூலையில், சீராக வந்த சூட்கேஸ் திறந்தபடி கிடந்தது. அதையும் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று அடுக்களைக்குப் போய்விட்டார்.

அந்த மனு இப்போது 'நிலுவை' என்று எழுதிய ஃபைலில் இருக்கிறது. மூன்று ஜெராக்ஸோடு.