குடலுக்குள் ஒரு கூட்டுச் சதி

மலக்குடல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கொடுத்து, அதே நாளில் மாத்திரையும் விழுங்கச் சொல்கிறார்களே, ஒன்றின் மேல் நம்பிக்கை இல்லாததாலா? (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்)

அவநம்பிக்கை அன்று, ஆசிரியரே, கூட்டுச் சதி. கதிர்வீச்சு புற்றணுவின் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது, ஆனால் அறுந்ததைச் சில மணி நேரத்துக்குள் ஒட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் அந்த அணுவுக்கு உண்டாதலால், ஒட்டுவேலைக்கு வேண்டிய தைமிடின் என்னும் சரக்கு உற்பத்தியாகாமல் ஃப்ளூரோயுராசில் என்ற மருந்து வாசலை அடைத்துவிடுகிறது. நீங்கள் கேட்ட மாத்திரை, அதாவது கேபசிடபின், உடலுக்குள் போய் அந்த மருந்தாகவே மாறுகிறது. கதிர்வீச்சின் வழக்கமான அளவு தவணைக்கு 1.8 கிரே வீதம் 28 தவணை, மொத்தம் 50.4 கிரே, பெருக்கிப் பார்த்துத் திருப்தி அடையலாம்.

இந்த ஃப்ளூரோயுராசில் யாருடைய மூளையில் உதித்தது? (கல்லூரி மாணவி)

பாதிப் பெருமை எலியைச் சேரும். எலியின் ஈரலில் வளர்ந்த கட்டி, யுராசில் என்னும் பொருளைச் சாதாரண ஈரலைவிட அதிகமாக உபயோகிக்கிறது என்று 1954-இல் தெரியவந்தது. அதைக் கவனித்த விஸ்கான்சின் சர்வகலாசாலையின் சார்லஸ் ஹைடல்பெர்கர், யுராசிலில் ஒரு ஹைட்ரஜன் அணு இருந்த இடத்தில் ஃப்ளூரினை அமர்த்தி, 1957-இல் புதிய மருந்தாக வெளியிட்டார். பசித்தவன் பந்தியில் பதார்த்தத்தைப் பரிசோதித்தா உண்கிறான்? கட்டியும் உண்டது.

ஒரு மருந்து இவ்வளவு செய்யுமானால், இரண்டாவது மருந்தையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன்தானே? (வியாபாரி)

லாபக் கணக்கை மட்டும் எழுதி நஷ்டக் கணக்கை விட்டுவிட்டீர்கள். இத்தாலியில் 747 நோயாளிகளை வைத்து நடந்த ஆராய்ச்சியில், ஒரு பிரிவினருக்கு ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள்; கட்டி அடியோடு மறைந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய 16 சதவீதமே, ஆனால் கடுமையான உபாதை மட்டும் 8 சதவீதத்திலிருந்து 24 ஆக ஏறிற்று. புற்றணுவை நலிவிப்பது பெரிய வித்தையன்று. பக்கத்திலேயே, ஓயாமல் பிரிந்து பெருகுகிற குடலின் உட்சுவர் அணுக்களை நலிவிக்காமல் அதைச் செய்வதே வித்தை.

மஞ்சள் புற்றணுக்களைக் கதிர்வீச்சுக்குப் பணியவைக்கிறதாமே? (இல்லத்தரசி)

மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்துத் தட்டில் அப்படிச் செய்ததுண்டு, அம்மா. ஆனால் தட்டிலிருக்கும் அணு மருந்தில் மூழ்கியே கிடக்கிறது. நாம் உண்ணும் குர்குமினிலோ இரத்தத்தில் சேருவது அற்ப சொற்பம். சாம்பாரில் தாராளமாகப் போடுங்கள். சிகிச்சை நடக்கும்போது மாத்திரையாக விழுங்குவதானால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு விழுங்குங்கள்.

கதிர்வீச்சே வேண்டாத காலம் வருமா? (பேரன் பேத்தி எடுத்தவர்)

சிலருக்கு வந்துவிட்டது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரியில், டோஸ்டார்லிமாப் என்ற ஊசியை மட்டும் போட்டு, சிகிச்சை முடித்த 12 பேருக்கும் மலக்குடல் கட்டி சோதனையில் தென்படாமல் மறைந்ததாக 2022-இல் அறிவித்தார்கள். உடலின் சொந்தக் காவற்படையே பகைவனை இனங்கண்டு தாக்கியபடியால் கதிர்வீச்சோ கத்தியோ தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் டி.என்.ஏ. பிழைதிருத்தும் ஏற்பாடு பழுதான கட்டியுடையவர்கள். மலக்குடல் நோயாளிகளில் அத்தகையோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர். ஆகவே, பயாப்சி எடுத்தவர்கள் முதல் சிகிச்சை தொடங்குமுன் அந்தப் பழுது உண்டா என்று டாக்டரிடம் கேட்டுவிடுவது நலம். கேள்வி கேட்பதில் நம் வாசகர்களுக்குக் கூச்சம் கிடையாது என்பது என் மேஜைக்குத் தெரியும்.